ஆராய்ச்சி வாழ்வும் கூட்டு முயற்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறிவாலும் வயதாலும் முதிர்ந்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் எம்மையும் ஒரு பொருளாக மதித்துப் பேசப் பணித்தீர்கள்.  யாம் எடுத்துக்கொண்ட விஷயம், விஞ்ஞான ஆராய்ச்சியிற் புகுவோரின் வாழ்க்கை வளர்ச்சியும் அவ்வளர்ச்சிக்கு இன்றியமையாத கூட்டு முயற்சியுமாம். தொழில், திருமணம், நிலபுலம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய நமது மேடையில் இஃதென்ன புதுப் பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு, கூறுவோம்.

இன்று பிற்பகல் நீங்கள் முடிவு செய்யவிருக்கும் தீர்மானங்களுள் ஒன்று நமது கல்வி நிதியைப் பற்றியது. மருத்துவம், பொறியியல், சட்டம் முதலியன பயில்வார்க்கு அந்நிதி இதுகாறும் கைகொடுத்து வந்துள்ளது. ஆயினும் பட்டம் பெற்றவுடன் உதவி நின்றுவிடும். அதற்குப் பன்னிரண்டாம் மாதத்திலிருந்து கடனைத் திருப்பத் தொடங்கவேண்டும். படிப்பு முடிந்தவுடன் உத்தியோகம் பார்ப்பாரை நோக்கி வகுத்த விதி இது. ஆராய்ச்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி. ‘முப்பது வயதாகியும் மாணாக்கன் என்றால் குடும்பம் என்னாவது?’ என்று ஒரு சாரார் வினவுகின்றனர். அவ்வினாவை யாம் இகழோம். அது குடும்ப பாரத்தைச் சுமந்து அறிந்தோர் கேட்கும் வினா. அதற்கு இயன்றவளவு விடை கூறுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

ஆராய்ச்சி நெடுவழி

கல்லூரியிற் கற்பது முன்னோர் கண்டதைக் கற்பது. ஆராய்ச்சியோ எவரும் காணாத ஒன்றைக் காண முயல்வது. முன்னதற்குப் பாடத்திட்டம் உண்டு, காலவரையறை உண்டு. பின்னதற்கு அவை இல்லை. நெல் விதைத்தவன் அறுவடை மாதத்தைக் கூறலாம். கிணறு வெட்டுகிறவன் எத்தனையாவது அடியில் ஊற்றுக் காணும் என்று உறுதி கூற இயலாது. ஆராய்ச்சியாளன் கிணறு வெட்டுகிறவனை ஒப்பான்.

இந்நெடுவழியின் படிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். இளங்கலைப் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. முதுகலைக்கு இரண்டு ஆண்டு. பின்னர் அகில இந்தியத் தகுதித் தேர்வில் தேறினால் சி.எஸ்.ஐ.ஆர். போன்ற ஸ்தாபனங்கள் உபகாரச் சம்பளம் தரும். அது முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 42,000 ரூபாயுமாக 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் உயர்த்தப்பட்டது. டாக்டர் பட்டம் பெற்ற பின்னரும் வேறோர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ பழகவேண்டும். அதன் பின்னரே நிலையான பதவிக்கு மனுச் செய்யும் தகுதி வருகிறது. உடன் படித்தவன் இருபத்திரண்டு வயதில் சம்பளம் வாங்க, நம் பிள்ளை முப்பத்திரண்டிலும் தாற்காலிகப் பதவியில் இருப்பான். உபகாரச் சம்பளம் சில காலங்களில் மாதக்கணக்கில் தாமதித்து வருவதும் உண்டு. அந்த மாதங்களிலும் விடுதிக்குப் பணம் கட்டியாக வேண்டும். வீட்டில் தங்கையின் திருமணமும் தந்தையின் ஓய்வும் காத்திரா.

இவ்வளவு துன்பமுள்ள வழியில் நம் மக்கள் ஏன் செல்லவேண்டும் என்று கேட்கலாம். எல்லோரும் செல்லவேண்டுவதில்லை. நாட்டமும் ஆற்றலும் உள்ளோர் செல்லட்டும். அவர்கள் வழியில் விழுந்துவிடாமல் தாங்குவார் யார் என்பதே நாம் ஆராயவேண்டுவது.

இராமாநுஜனைத் தாங்கிய கைகள்

‘மேதை தானே வளரும், அதற்குப் பிறர் துணை எதற்கு?’ என்பார் உளர். அவர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜனையே. அவருடைய வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அது நேர்மாறான பாடத்தைப் புகட்டும்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதமொன்றிலேயே ஆழ்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பெற்ற உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சை கைகூடவில்லை. 1909-ல் மணம் நிகழ்ந்தது. பட்டமில்லை, வேலையில்லை, கையிலிருந்தவை கணக்குக் குறிப்பேடுகள் மாத்திரமே.

1910-ம் ஆண்டளவில், இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் தோற்றுவித்த வி. இராமஸ்வாமி ஐயர் டெபுடி கலெக்டராயிருந்த திருக்கோயிலூருக்கு அக்குறிப்பேடுகளுடன் சென்று ஒரு குமாஸ்தா வேலை வேண்டினார். ஐயர் அக்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, இவரைத் தாலூகாக் கச்சேரியில் அடைத்து வைப்பது தகாதெனக் கண்டு, சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகம் செய்வித்தார். நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து உதவினார். 1911-ல் கணித சங்கத்தின் சஞ்சிகையில் முதற் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாயிருந்த எஸ். நாராயண ஐயர் அலுவல் முடிந்தபின் உடனிருந்து சிலேட்டிற் கணக்கிட்டார். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஊக்கமளித்தார்.

1913 ஜனவரி 16-ந் தேதி இராமாநுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் விடுத்தார். அதற்கு முன் வேறிருவருக்கு எழுதிய கடிதங்கள் பயன் தரவில்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் பெருமேதை என உணர்ந்தார். வானிலைத் துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்துரை எழுத, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1914-ல் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் இராமாநுஜனை இசைவித்தார். சர்வகலாசாலையும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. அதில் 50 பவுன் இங்குள்ள குடும்பத்தின் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டது. மார்ச்சு 17-ந் தேதி அவர் கப்பலேறினார்.

அன்பர்களே! கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் அறிமுகம் செய்தார், ஒருவர் அன்னமிட்டார், ஒருவர் உடனிருந்து கணக்கிட்டார், ஒருவர் வேலை தந்தார், ஒருவர் பரிந்துரை வரைந்தார், ஒருவர் கடல் கடந்து வந்து அழைத்தார். இவர்களுள் எவர் கை நெகிழ்ந்திருப்பினும் சங்கிலி அறுந்திருக்கும். மேலும், அறிஞனுக்கு உதவுங்கால் அவன் குடும்பத்தையும் மறவாமல் 50 பவுன் ஒதுக்கியவர்களின் உலகியலறிவையும் நாம் போற்றவேண்டும். ‘குடும்பம் என்னாவது?’ என்ற வினாவுக்கு 1914-லேயே ஒரு சர்வகலாசாலை கூறிய விடை அது.

கூடிக் காண்பது

கூட்டு முயற்சி என்றால் வேலையைச் சமபாகமாகப் பங்கிட்டுக்கொள்வதென்று நினைப்பது பிழை. ஒருவரிடம் இல்லாதது மற்றொருவரிடம் இருப்பதே அதன் உயிர். ஓர் உதாரணம் காட்டுவோம்.

4 என்னும் எண்ணை எத்தனை விதமாகக் கூறு செய்யலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாம். 10 என்னும் எண்ணுக்கு 42 விதம். 100-க்கு 19,05,69,292 விதம். எண் பெருகப் பெருக விதங்கள் காட்டாறுபோற் பெருகும். இதற்கொரு சூத்திரம் உண்டா என்பது கேள்வி. இராமாநுஜனும் ஹார்டியும் கூடி ஆராய்ந்து 1918-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். அவ்வாறு ஒன்று இருக்கத்தான் வேண்டுமென்னும் உள்ளுணர்வு முன்னவருடையது. அதனை ஐயந்திரிபற நிறுவும் கணிதப் பயிற்சி பின்னவருடையது. சூத்திரம் சரிதானா என்று சோதிக்க மக்மஹோன் என்னும் மூன்றாமவர் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் கையாற் கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார். 200-க்கு அவர் கண்ட விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புக்களைக் கூட்டியபோது வந்த விடையோ இதனின்றும் ஒன்றில் ஆயிரத்தில் நான்கு பங்கே வேறுபட்டது! உள்ளுணர்வு ஒருவரது, நிறுவுதல் ஒருவரது, பொறுமை ஒருவரது. மூன்றும் கூடியபோதே உண்மை துலங்கியது.

ஹார்டியும் லிட்டில்வுட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் கூடி உழைத்து ஏறக்குறைய நூறு கட்டுரைகள் வெளியிட்டனர். இவ்வளவு காலம் பிணக்கின்றி எவ்வாறு உழைத்தனர்? அவர்கள் தமக்குள் நான்கு உடன்படிக்கைகள் செய்துகொண்டிருந்தனர் என்று அவர்களை நன்கறிந்த ஹரால்டு போர் என்னும் கணித அறிஞர் கூறியுள்ளார். ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியோ தவறோ, அதைப் பற்றிக் கவலையில்லை. அச்சமின்றி எழுதலாம் என்பது முதலாவது. வந்த கடிதத்தைப் படிக்கவோ விடையிறுக்கவோ கட்டாயமில்லை என்பது இரண்டாவது. இருவரும் ஒரே சிறு கூற்றில் ஒருங்கே மண்டையை உடைத்துக்கொள்ளாதிருப்பது நலம் என்பது மூன்றாவது. இருவர் பெயரால் வெளிவரும் கட்டுரையில் ஒருவரது பங்கு ஒன்றுமே இல்லையாயினும் அதைப்பற்றி வினவுவதில்லை என்பது நான்காவது.

முதல் மூன்றையும் நமது இளைஞர்கள் அப்படியே கொள்ளலாம். பிழைபடுமோ என்று அஞ்சி வாய் திறவாதவன் ஆய்வுக்கூடத்தில் வளரான். நான்காவது, பெயர் நிலைபெற்ற இரு நண்பர்களுக்கே ஏற்றது. பதவி தேடும் இளைஞருக்கு ஏற்காது. ஏன் என்பதைச் சிறிது பின்னர்க் கூறுவோம்.

இரண்டு ரூபாயின் வரலாறு

இனி, நம்போன்ற ஒரு சங்கத்துக்கு நேராகப் பாடம் புகட்டும் வரலாறு ஒன்று. டாக்காவுக்கு அருகே சியோராதலி என்னும் கிராமத்தில் 1893-ம் ஆண்டு சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மேகநாத சாஹா. ஊரிலிருந்த பள்ளிக்கு மேற் படிக்க வழியில்லை. மகனைக் கடையில் அமர்த்தவே தந்தை எண்ணினார். தமையனார் அலைந்து ஒரு வைத்தியரைக் கண்டார். அவர் தம் இல்லத்தில் இடந் தந்தார். சிறுவன் தன் உண்கலத்தைத் தானே கழுவிக்கொள்ளவேண்டும், பசுவையும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. பின்னர் டாக்காவில் படித்தபோது, வங்கப் பிரிவினையை எதிர்த்த கிளர்ச்சியிற் கலந்ததனால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். வேறு பள்ளியிற் சேர்ந்து 1909-ல் பிரவேசப் பரீட்சையில் கிழக்கு வங்காள மாணாக்கருள் முதலாவதாகத் தேறினார்.

அக்காலத்து அவர் எதைக்கொண்டு உயிர் வாழ்ந்தார்? சணல் ஆலையிற் சொற்பச் சம்பளம் பெற்ற தமையனார் மாதம் 5 ரூபாய் அனுப்பினார். கிழக்கு வங்காள வைசிய சமிதி என்னும் குலச் சங்கம் மாதம் 2 ரூபாய் அளித்தது. இரண்டே ரூபாய்! அச்சங்கத்தார்க்கு அச்சிறுவன் யாராவான் என்று அன்று தெரியாது.

கல்கத்தா சென்றபின் விடுதியில் அவருடன் ஒருங்கிருந்து உண்ண மறுத்தோர் சிலர் இருந்தனர்; காரணம் குலம். ஆயினும் அதே கல்கத்தாவில் சத்தியேந்திர நாத போஸ் அவருக்கு உடன் மாணாக்கர். பின்னர் உடன் ஆசிரியர். இருவரும் கூடி ஐன்ஸ்டீனுடைய சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஜெர்மன் மொழியினின்றும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அந்நூலைக் கல்கத்தாச் சர்வகலாசாலை 1920-ல் வெளியிட்டது. அவ்வாண்டே, மிகுந்த வெப்பத்தில் அணுக்கள் மின்னணுவை இழப்பதை அளவிடும் சமன்பாட்டைச் சாஹா வெளியிட்டார். நட்சத்திர ஒளியிற் காணும் கோடுகளைக்கொண்டு அதன் வெப்பத்தை அறிய வழி திறந்தது. இலண்டனில் பௌலர் என்பாருடைய ஆய்வுக்கூடத்தில் அவர் அதனை மேலும் செம்மை செய்தார். அச்சமன்பாட்டைக் கைக்கொண்டே 1925-ல் அமெரிக்காவில் சிசிலியா பெயின் என்னும் பெண்மணி, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைடிரஜனால் ஆனவை என்று காட்டினார். நேரிற் கூடாதோரும் இவ்வாறு கட்டுரை வாயிலாகக் கூடி உழைப்பது ஆராய்ச்சியுலகின் இயல்பு.

இவ்வரலாற்றினின்றும் நாம் அறியவேண்டுவன இரண்டு. ஒன்று, சிறு தொகையும் தக்க காலத்தில் தந்தால் பெரும் பயன் தரும். மற்றொன்று, குலச் சங்கம் தூக்கிவிடலாம். ஆனால் அறிவுலகில் உடனுழைப்பாரைத் தேடித் தருவது குலமன்று. உடனுண்ண மறுத்தது குலச் செருக்கு. உடனமர்ந்து மொழிபெயர்த்தது கூட்டு முயற்சி. நமது சங்கம் வீட்டுத் திண்ணையைப் போன்றதாகுக. வழிச் செல்வான் களைப்பாறிச் செல்லவே திண்ணை. அவன் அங்கேயே தங்கிவிடவேண்டுமென்று திண்ணை கட்டுவாரிலர். நம் பிள்ளைகள் தம் வழிகாட்டியையும் தோழரையும் தெரிந்தெடுக்கும்போது அறிவையும் ஒழுக்கத்தையும் பார்ப்பார்களாக, குலத்தைப் பாராதிருப்பார்களாக.

பெயரும் புகழும்

கூடி உழைத்த இடத்தில் பெயர் யாருக்கு என்ற வழக்கும் பிறக்கும். இதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் 1923-ல் கல்கத்தாவில் ஸர் சி.வி. இராமனுடைய ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். 1928 மார்ச்சு 31-ந் தேதி ‘நேச்சர்’ பத்திரிகையில் புதிய ஒளிச் சிதறலை அறிவித்த குறிப்பு இருவர் பெயராலும் வெளிவந்தது. 1930-ல் நோபெல் பரிசு இராமனுக்கு அளிக்கப்பட்டது. கிருஷ்ணன் பங்கு எவ்வளவு என்று இன்றளவும் பேசுவார் உளர். அவரோ டாக்காவுக்குச் சென்று படிகங்களின் காந்தத் தன்மையைப் பற்றித் தாமே புதுவழி வகுத்தார். 1940-ல் இலண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1947-ல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். ஒரு கூட்டு முயற்சியின் புகழில் தம் பங்கை அளந்துகொண்டே நின்றிராமல் அடுத்த வேலையைத் தொடங்கியது அவரது பெருமை.

இன்றோ விஷயம் பன்மடங்கு பெருகியுள்ளது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் என்னும் ஸ்தாபனத்தில் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-ல் வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர்! நோபெல் பரிசோ ஒரு துறையில் ஒராண்டுக்கு மூவருக்கு மேற் பகிரப்படுவதில்லை. ஆகவே, பரிசைக்கொண்டு உழைப்பை அளத்தல் கூடாது.

ஆயினும் இளைஞனுக்குக் கட்டுரையில் உள்ள பெயரே முதலீடு. பதவிக்கு மனுச் செய்யுங்கால் அதனையே நோக்குவர். ஆதலால் சில மரபுகளைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் எழுதுவது வழக்கம். உயிரியலிலும் மருத்துவத்திலும் முதற் பெயர் முக்கியமாக வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. மருத்துவப் பத்திரிகாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை விதித்துள்ளது: ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பிழை நேரின் பொறுப்பேற்றல். நான்கும் உடையாரே ஆசிரியர். மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பதும், உழைத்தவர் பெயரை விடுவதும் இரண்டும் தவறே. யாருக்கு எவ்வேலை, யார் பெயர் எவ்விடத்தில் என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி எழுதிக்கொள்வது பின்வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். நாள்தோறும் செய்ததைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவருதல் அதனினும் நன்று.

நமக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரைத் தலையெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். ஒரு பத்திரிகை அதனைப் பின்னே தள்ளி அச்சிடும்; மற்றொன்று விரித்து அச்சிடும்; ஒரே ஆள் மூவராகிவிடுவார். 2012 முதல் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் ஆர்கிட் என்னும் 16 இலக்க எண் ஒன்றைச் செலவின்றிப் பெற வழியுள்ளது. முதற் கட்டுரை வெளிவருமுன்னரே அதனைப் பெற்று, பெயரையும் ஒரே விதமாக எழுதிவருமாறு இளைஞர்களை வேண்டுகிறோம்.

பெண்மக்களும் வழி மாறுவோரும்

தாய்மார்களே! அன்னா மணி என்பார் 1918-ல் திருவிதாங்கூரிற் பிறந்தவர். எட்டாம் பிறந்த நாளில் வைரத்தோடு அணிவிக்க முன்வந்த பெற்றோரிடம், அது வேண்டாம், கலைக்களஞ்சியத் தொகுதி வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர். சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் படித்து, பெங்களூரில் இராமனுடைய ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளியியல்பை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லையென்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அதனால் அவர் ஓயவில்லை. 1945-ல் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-ல் திரும்பி, அக்கருவிகளை நம் நாட்டிலேயே செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். ‘பெண்ணுக்கு இவ்வளவு ஆண்டு படிப்பு எதற்கு?’ என்னும் பேச்சு நம் வீடுகளில் ஓயவேண்டும். நிதியின் விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேயாகுக.

வழி மாறுவதும் இழுக்கன்று. சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1976-ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின், மீண்டும் மாணாக்கராக அமர்ந்து உயிரியல் கற்றார். பேராசிரியர் பதவிக்கு ஏறக்குறைய 50 சர்வகலாசாலைகளுக்கு மனுச் செய்தும் ஓரிடமும் கிட்டவில்லை. ஆய்வுக்கூடம் ஒன்றில் அமர்ந்து உழைத்து, பின்னர்க் குறைந்த சம்பளத்துக்கும் இசைந்து 1999-ல் கேம்பிரிட்ஜ் சென்றார். உயிரணுவிற் புரதத்தை உண்டாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009-ல் நோபெல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார். ஐம்பது மறுப்புக்களைப் பெற்ற மகனை நம் உறவினர் கலியாண வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எல்லோரும் இவரைப்போல் ஆவர் என்று யாம் கூறவரவில்லை. ஆராய்ச்சி தொடங்குவோர் பலர். நிலையான ஆராய்ச்சிப் பதவி பெறுவோர் சிலரே. ஏனையோர் ஆசிரியராவர்; தொழிற்சாலையிலும் அரசாங்கத் துறையிலும் அமர்வர். கற்ற நெறி அங்கும் பயன்படும். இடையில் விட்டு வந்தவனை ‘உருப்படாதவன்’ என்று பேசும் வாயை நாம் அடக்கவேண்டும். அச்சொல்லுக்கு அஞ்சியே, தகாத இடத்தினின்றும் வெளிவர இயலாமல் உள்ளம் நொந்து கிடக்கும் இளைஞர் உளர்.

நாம் செய்யத்தக்கவை

இனிச் சபையோர் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: ஆராய்ச்சி மாணாக்கர் கடனைத் திருப்பும் காலம் பட்டத்தினின்றும் கணக்கிடப்படாது, முதல் நிலையான சம்பளத்தினின்றும் கணக்கிடப்படுக. ஆண்டுக்கொருமுறை வழிகாட்டும் ஆசிரியரின் சான்றுக் கடிதம் பெற்றால் போதும்.

இரண்டாவது: உபகாரச் சம்பளம் தாமதிக்கும் மாதங்களில் வட்டியில்லாக் கைம்மாற்று அளிக்கப்படுக. பணம் வந்தவுடன் திரும்பிவிடும் ஆகையால் நிதி குறையாது. மாநாடுகளுக்குச் செல்லும் இரயிற் செலவுக்கும் சிறு தொகை ஒதுக்கப்படுக. ஒரு மாநாட்டில் பத்து நிமிஷம் பேசியதனால் அடுத்த ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றோர் பலர்.

மூன்றாவது: கலாசாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரியும் நம்மவர் ஜாபிதா ஒன்று தயாரிக்கப்படுக. புதிதாகப் புகுவோர்க்கு அறிமுகக் கடிதம் தருவதும் ஐயம் தீர்ப்பதும் அவர்கள் கடமையாகுக. ஆண்டுக்கொருமுறை பிற சமூகத்து ஆசிரியர்களையும் அழைத்து நம் மாணவர்களுடன் பேசச் செய்வோம்.

நான்காவது: இவ்வுதவிகளில் பெண்மக்களுக்குச் சமபாகம் தரப்படுக. திருமணமானபின் ஆராய்ச்சியைத் தொடரும் பெண்ணும் மாணாக்கராகவே கருதப்படுக.

ஐந்தாவது: ஆராய்ச்சியை இடையில் விட்டு வந்தாரிடம் கடனை ஒரே தவணையில் கேளாதிருப்போம்.

‘நிதி சிறிது; ஆராய்ச்சிக்குத் தந்தால் மருத்துவம் படிப்பார்க்குக் குறையுமே’ என்று தனாதிகாரி அவர்கள் கூறுவார்கள். நியாயமே. அதனாலன்றோ யாம் பெருந்தொகை கேட்கவில்லை. காலமும், கைம்மாற்றும், அறிமுகமுமே கேட்கிறோம். ‘அயல்நாடு சென்று திரும்பாதிருந்தால்?’ என்பார்க்கு ஒன்று கூறுவோம். சாஹா திரும்பினார், 1949-ல் கல்கத்தாவில் அணுக்கருப் பௌதிக நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார், அது இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. இராமகிருஷ்ணன் அங்கேயே தங்கினார். எவர் திரும்புவார் என்று முன்னறிய வழியில்லை. ஆனால் உதவி பெற்ற ஒவ்வொருவரும், எந்நாட்டிலிருப்பினும், பின்வரும் ஒருவருக்கு வழிகாட்டவேண்டும் என்னும் நிபந்தனையை நாம் விதிக்கலாம். கடனைத் திருப்புவதினும் அது உயர்ந்த கைம்மாறு.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். சங்கம் உதவுமென்று நம்பி உழைப்பைத் தளர்த்தாதீர்கள். வீட்டாருக்கு உங்கள் வேலையை அவர்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். ‘என் மகன் என்ன செய்கிறான் என்று எனக்கே தெரியாது’ என்று ஒரு தாய் கூறுவாளாயின் அக்குறை அவளதன்று. தாம் அறியாத ஒன்றுக்காகப் பெற்றோர் பத்தாண்டு பொறுத்திருப்பது அரிது, அறிந்தாற் பொறுப்பர்.

பெரியோர்களே! மாதம் இரண்டு ரூபாய் அளித்த அந்த வங்காளச் சங்கத்தார் பெயர்கள் நம்மில் எவருக்கும் தெரியாது. அவர்கள் புகழ் வேண்டியும் கொடுக்கவில்லை. ஒரு மாணாக்கன் அந்த மாதம் படிப்பை விடாமல் இருந்தான். அவ்வளவே அவர்கள் அறிந்த பயன். நாமும் அவ்வளவே நோக்கிக் கொடுப்போமாக. பிற்பகல் வாக்கெடுப்பில் இத்தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.